மரத்துப்போவது நல்ல அறிகுறி

வந்திருந்தவர்கள்:

ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ், தலைவர் என்ற முறையில் மேஜைக்குப் பின்னால் நின்றபடி. எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம்.

நகரப் பேருந்து டிரைவர், முதுகில் இரண்டு முறை ஆபரேஷன் செய்துகொண்டவர், சுவரில் சாய்ந்தபடி.

கணக்கு டீச்சர், தரையில் மல்லாந்து, முழங்கால்களை மடக்கி, மதிப்பெண் தாள்களை வயிற்றின் மேல் அடுக்கிக்கொண்டு.

நான், ஜன்னலோரம்.

பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தும் பத்தேகாலுக்கே வந்து வெளியே காத்திருந்தவர் ஒருவர்: ‘நிமிர்ந்த முதுகு’ என்ற இணையதளத்தின் சொந்தக்காரர்.

அறையில் ஆறு நாற்காலிகள் இருந்தன. எட்டு வாரமாக அவற்றில் யாரும் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை. முதுகுவலிக்காரர்கள் கூடும் இடம் அப்படித்தான் இருக்கும். நூலகத்தின் இரண்டாவது மாடியில், சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு, நாங்கள் ஆளுக்கொரு கோணத்தில் நின்றும் சாய்ந்தும் படுத்தும் மற்றவர்களுக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தோம்.

வேலை சுகாதார அலுவலகம் கொடுத்தது. முதுகுவலி என்று தேடினால் இணையத்தில் ஆயிரம் பேர் யோசனை சொல்கிறார்கள். எதை நம்பலாம் என்று ஒரு பட்டியல் தயாரித்து எல்லா மருத்துவமனைகளின் காத்திருப்பு அறையிலும் ஒட்டப் போகிறார்கள். டாக்டர்களிடம் விட்டால் டாக்டர்களுக்குப் புரிகிற பட்டியல்தான் வரும் என்று, வலி தெரிந்த நாலு பேரைக் கூட்டியிருந்தார்கள். தாளில் எட்டுக் கேள்விகள். எழுதியவர் யார், என்ன படித்தவர்? எப்போது எழுதியது, எப்போது திருத்தியது? எதை ஆதாரமாகக் காட்டுகிறார்? வேறு சிகிச்சைகளைப் பற்றியும் சொல்கிறாரா? தெரியாததைத் தெரியாது என்கிறாரா? தன்னைப் பற்றிய உண்மையை மறைக்காமல் சொல்கிறாரா? உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகளைச் சொல்கிறாரா? படித்தால் புரிகிறதா? கேள்விக்கு ஐந்து மதிப்பெண், மொத்தம் நாற்பது. சராசரி முப்பது வந்தால் பட்டியலில் இடம்.

எனக்கும் முதுகுவலி உண்டு. ஆறு வருஷம் சரக்குக் கிடங்கில் இரவு வேலை பார்த்தவனுக்கு இல்லாமல் இருக்காது. ஆனால் நான் இந்தக் குழுவில் சேர்ந்தது முதுகுக்காக இல்லை. பதினாலு தளங்களைப் படித்து மதிப்பெண் போட்டேன். எல்லாம் பதினைந்தாவதான ‘நிமிர்ந்த முதுகு’க்காக. அந்த ஒன்றுக்கு என் கையால் பூஜ்யம் போட வேண்டும். அந்த ஆள் என் முன்னால் நின்று அதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

காரணம் என் அக்கா. ஹோட்டல் ஒன்றின் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளை எந்திரத்திலிருந்து இழுத்து வண்டியில் போடுவாள். போன வருஷக் கடைசியில் இடுப்பில் பிடித்தது. பிறகு இரண்டு காலிலும் இறங்கியது. பிறகு தொடை இடுக்கு மரத்துப்போனது. அவள் படித்துக்கொண்டிருந்த தளத்தில் அதற்கு ஒரு வரி இருந்தது: ‘மரத்துப்போவது நல்ல அறிகுறி. வலி வெளியேறும்போது நரம்பு சில நாள் தூங்கும். பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள்.’ அவள் ஓடவில்லை. நாலு நாள் காத்திருந்தாள். ஐந்தாம் நாள் சிறுநீர் போகவில்லை. அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. இப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. ஒரு பாதம் தரையில் இழுபடுகிறது. ஒரு நாளைக்கு ஐந்து முறை தானே குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். சாகும்வரை.

குழுவில் சேரும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ‘நான் மதிப்பிடும் எந்தத் தளத்தோடும் எனக்கோ என் குடும்பத்துக்கோ எந்தத் தொடர்பும் இல்லை.’ போட்டேன். எழுத்து அழகாகவே விழுந்தது.

டீச்சர் தரையில் இருந்தபடியே மதிப்பெண்களைப் படித்தார்.

“சிஸ்டர் முப்பத்தொண்ணு. டிரைவர் முப்பது. நான் முப்பத்திரெண்டு.” தாளைப் புரட்டினார். “தம்பி... பூஜ்யம்.”

“எட்டுக்குமா?” என்றார் டிரைவர்.

“எட்டுக்கும். ‘படித்தால் புரிகிறதா’ அதுக்கும் பூஜ்யம்.”

“அதுல என்னப்பா புரியல உனக்கு? எங்க டிப்போல இருக்கற மண்டூகத்துக்கே புரியுமே.”

“நல்லாவே புரிஞ்சுது,” என்றேன்.

“அப்புறம் ஏன் பூஜ்யம்?”

சிஸ்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நாற்பது வருஷம் வார்டில் நோயாளிகளின் பொய்களைக் கேட்டவர்.

“சரி, தாள் செல்லாது,” என்றார் டீச்சர். “விதி ஆறு. மத்தவங்க மார்க்குல நடுவுல இருக்கறதுலேருந்து பன்னெண்டுக்கு மேல விலகினா கணக்குல சேராது. மூணு தாள்தான். சராசரி முப்பத்தொண்ணு. பாஸ்.”

“அந்த விதி எங்க இருக்கு?”

“ரெண்டாவது பக்கத்துல. நீங்க முதல் பக்கத்துல கையெழுத்துப் போட்டுட்டு விட்டுட்டீங்க போல.” படுத்தபடியே விரலால் காற்றில் கணக்குப் போட்டார். அந்த அம்மாளுக்குக் கணக்கு வந்துவிட்டால் இடுப்பு வலி மறந்துவிடும். “உங்களுக்கு ஆளைப் பிடிக்கலன்னா இருபத்தாறு போட்டிருக்கலாமே! மொத்தம் நூத்திப்பத்தொன்பது, நாலால வகுத்தா இருபத்தொன்பதே முக்கால். ஆளு வெளிய. பூஜ்யத்தைப் போட்டு நீங்களே உள்ள விட்டுட்டீங்க.”

டிரைவர் சிரித்தார். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. எட்டு மாதம் வளர்த்த கோபம். அதை முழுசாகக் கொட்டியதால்தான் அது கணக்கில் சேராமல் போனது. கொஞ்சம் நேர்மையாக நடித்திருந்தால் ஜெயித்திருப்பேன்.

பட்டியலில் இடம் பெறப் போகும் தளத்தின் சொந்தக்காரர் நேரில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் தன் மதிப்பெண்ணைத் திருத்தலாம். அதுவும் விதிதான். சிஸ்டர் கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டார்.

ஐம்பது வயது இருக்கும். கஞ்சி போட்டு மடித்த சட்டை. கம்பத்தை விழுங்கியவர் போல நேராக நடந்து வந்தார். படங்களில் பார்த்த அதே புன்னகை. தரையில் படுத்திருந்த டீச்சரைக் கண்டு ஒரு நொடி திகைத்துவிட்டு அவருக்கும் ஒரு வணக்கம் வைத்தார்.

“உட்காருங்க சார்,” என்றார் சிஸ்டர்.

“நீங்கள்லாம் நிக்கும்போது நான் எப்படி?” என்று மேஜையருகே நின்றார்.

கேள்விகள் நல்லபடியாகப் போயின. அவருக்குப் பேசத் தெரியும். தான் டாக்டர் இல்லை என்று அவரே முதலில் சொன்னார். மரக்கடை வைத்திருந்தாராம். முதுகு ஒடிந்து ஒரு வருஷம் படுக்கையில் கிடந்தாராம். தானே படித்து, தானே பயிற்சி செய்து எழுந்தாராம். தளத்தின் முகப்பிலேயே இருக்கிறது: ‘கத்தி படாமல் எழுந்தேன். நீங்களும் எழலாம்.’ டீச்சர் எதையோ குறித்துக்கொண்டு தலையை ஆட்டினார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய கழுத்தைப் பார்த்தால் கை துடித்தது.

அப்போது அவருடைய பேனா உருண்டு கீழே விழுந்தது.

அவர் இடது கையை மேஜையில் ஊன்றினார். இடது காலில் நின்று, வலது காலைப் பின்னால் நேராக நீட்டி, முதுகு வளையாமல் இடுப்போடு சாய்ந்து பேனாவை எடுத்தார். நிமிர்ந்ததும் வலது கை தானாகப் பின்பக்கம் போய், பெல்ட்டுக்கு இரண்டு விரல் மேலே ஒரு முறை தொட்டுவிட்டு வந்தது.

டிரைவர் சுவரை விட்டு விலகினார்.

“எந்த ஆஸ்பத்திரி சார்?”

“என்ன கேட்டீங்க?”

“ஆபரேஷன். எந்த ஆஸ்பத்திரியில பண்ணுனீங்க?”

“நான் ஆபரேஷன் பண்ணிக்கல. அதைத்தானே இவ்வளவு நேரமா...”

“அந்தக் காலை நீட்டுற வித்தையை எனக்கும் வார்டுலதான் சொல்லிக் குடுத்தாங்க.”

“அதை என் தளத்துலயே போட்டிருக்கேன். படம் போட்டு. யார் வேணாலும் செய்யலாம்.”

“காலை விடுங்க. நிமிர்ந்ததும் கை எங்க போச்சு?” டிரைவர் தன் சட்டையைப் பின்னால் தூக்கிக்காட்டித் திரும்பினார். நடு முதுகெலும்பில் ஒரு சாண் தழும்பு, பக்கத்தில் இன்னொன்று. “ரெண்டு வருஷம் ஆயிருச்சு. இன்னைக்கும் குனிஞ்சு எழுந்தா எனக்கு இங்கதான் கை போகும். தையல் விட்டிருச்சான்னு பாக்கறதுக்கு. இந்தப் புத்தி வெட்டுப்பட்டவனுக்கு மட்டும்தான் சார் வரும்.”

தளத்துக்காரர் முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது, வண்டியில் சாவி எடுத்த பிறகும் எரிகிற விளக்கு போல.

“சட்டையைத் தூக்கச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்ல,” என்றார் சிஸ்டர் மெதுவாக. “ஆனா கேள்வி ஆறு இருக்கு. நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. ஆபரேஷன் ஆச்சா?”

“மூணு வருஷம் முன்னாடி,” என்றார். “அது என் சொந்த விஷயம்.”

“முகப்புல போட்டப்புறம் என்ன சொந்தம்?”

“பயிற்சி உண்மை. அதுல ஒண்ணும் பொய் இல்ல. அது இல்லாம நான் நடந்திருக்கவே மாட்டேன். ஆபரேஷன்னு எழுதினா யாரும் பயிற்சி செய்ய மாட்டாங்க, நேரா கத்திக்குத்தான் போவாங்க. அதனாலதான்...”

டீச்சர் தாளைத் தேடி எடுத்தார். சிஸ்டர், டிரைவர், டீச்சர் மூவரும் ஆறாம் கேள்விக்குப் போட்டதை அடித்துப் பூஜ்யம் ஆக்கினார்கள். ஆளுக்கு நாலு குறைந்தது. டீச்சர் கூட்டிப் பார்த்து, “சராசரி இருபத்தேழு,” என்றார்.

தளத்துக்காரருக்கு அது புரிந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். “ஒரே வாரத்துல திருத்திடறேன். ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்னு முகப்புலயே போடறேன். திருத்தினா மறுபடி மார்க் போடலாம்னு விதி இருக்கு இல்ல?”

“இருக்கு,” என்றார் டீச்சர். “விதி ஒன்பது.”

“மத்த எல்லாம் சரியாத்தானே இருக்கு? ஏழாவது கேள்விய பாருங்க. ஆபத்தான அறிகுறிகள்னு தனிப் பக்கமே வெச்சிருக்கேன். மரத்துப்போனா, சிறுநீர் போகலன்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சிவப்பு எழுத்துல. ரெண்டு வருஷமா இருக்கு. கீழ தேதி பாருங்க.”

டிரைவர் தன் போனில் பார்த்தார். “ஆமா, ரெண்டு வருஷம் முந்தின தேதிதான்.”

அப்படியானால் ஒரு வாரத்தில் திரும்ப வருவார். முப்பதைத் தாண்டுவார். பட்டியலில் ஏறுவார். என் அக்கா குழாய் வாங்கப் போகும் மருத்துவமனையின் சுவரில், அவள் கண்ணுக்கு நேரே, அந்தத் தளத்தின் பேர் தொங்கும்.

என் சட்டைப்பையில் போன் இருந்தது. அதில் ஒரு படம் இருந்தது. எட்டு மாதமாக அதை யாருக்கும் காட்டவில்லை. காட்டினால் குழுவை விட்டுத் துரத்துவார்கள் என்பதால் மட்டும் இல்லை.

போனைத் திறந்து மேஜையில் வைத்தேன்.

“எட்டு மாசம் முன்னாடி அந்தப் பக்கத்துல இருந்தது இது,” என்றேன். “சிவப்பு எழுத்து அப்ப இல்ல.”

சிஸ்டர் எடுத்துப் படித்தார். சத்தமாக. மரத்துப்போவது நல்ல அறிகுறி. வலி வெளியேறும்போது நரம்பு சில நாள் தூங்கும். பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். படத்துக்குக் கீழே அனுப்பியவர் எழுதியிருந்ததையும் படித்தார்: “‘பாருடா, நல்லதாம். நான்தான் சும்மா பயந்துட்டேன்.’ அனுப்பினது... அக்கா.” நிறுத்தினார். அதற்குக் கீழே இருந்ததை வாயால் படிக்க முடியாது. கட்டைவிரலை உயர்த்திய ஒரு படம். என் பதில். கிடங்கில் வண்டி ஓட்டிக்கொண்டே ஒரு கையால் அனுப்பியது.

நான் பிசியோதெரபி இரண்டு வருஷம் படித்துவிட்டுப் பாதியில் விட்டவன். அக்கா என்னைக் கேட்டதே அதனால்தான்.

“இது உங்க அக்காவா?”

“ஆமா.”

“இப்ப எப்படி இருக்காங்க?”

சொன்னேன். இரண்டு வாக்கியம் போதுமானதாக இருந்தது. டிரைவர் போனை வாங்கி, அந்தக் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஏதாவது கிண்டல் செய்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

“தம்பி, உங்க ஓட்டுப் போச்சு,” என்றார் சிஸ்டர். “பொய்க் கையெழுத்துக்கு நான் அலுவலகத்துக்கு எழுதித்தான் ஆகணும். ஆனா நீங்க இங்க இருந்து கேக்கலாம்.”

“எழுதுங்க.”

“இந்தப் படத்தை யார் வேணாலும் செய்யலாம்,” என்றார் நிமிர்ந்த முதுகு. குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. “என்மேல பகை இருக்கறவர் கொண்டு வந்தது. இதை எப்படி எடுத்துக்குவீங்க?”

“நியாயம்தான்,” என்றார் சிஸ்டர். “அந்த வரிய அப்ப படிச்சவங்க வந்து சொல்லணும். அக்கா வர முடியுமா தம்பி?”

“கீழதான் இருக்கா.”

எட்டு வாரமாக அவள் கீழே வாசிப்பு அறையில்தான் இருந்தாள். சனிக்கிழமை நான் நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். அவளுக்கு வீட்டை விட்டு வெளியே வர ஒரு சாக்கு. போன் செய்தேன். ஐந்து நிமிஷத்தில் லிஃப்ட் திறந்தது. கைத்தடி, பிறகு இழுபடும் பாதம், பிறகு அக்கா. தோளில் எப்போதும் மாட்டியிருக்கும் கறுப்புப் பை. வாசலில் நின்று எல்லோரையும் பார்த்தாள், தரையில் கிடந்த டீச்சரையும்.

“புத்தகம் எங்கடா?”

விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறாமல் கேட்டாள்.

“இதுக்குத்தான் எட்டு வாரமா என்னைக் கீழ குந்த வெச்சுட்டு வந்தியா? சமையல் பத்திரிகை அத்தனையும் படிச்சு முடிச்சுட்டேன். என் பேரைச் சொல்லிப் பழி வாங்கறவன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?”

“கேட்டா வேணாம்னுவ.”

“வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன். ஒழுங்கா செய்யச் சொல்லியிருப்பேன்.” அந்தப் பூஜ்யத்தைப் பற்றி அதற்குள் டிரைவர் சொல்லிவிட்டிருந்தார்.

அவள் தளத்துக்காரர் பக்கம் திரும்பினாள். நான் நினைத்திருந்தது வேறு. அறைவாள் என்று நினைத்திருந்தேன். பலமுறை, பல விதமாக நினைத்திருந்தேன். அவள் கைத்தடியை மேஜையில் சாய்த்து வைத்தாள்.

“சார், ஒரு வரி எழுதியிருந்தீங்க.”

“அம்மா, நான் டாக்டர் இல்லன்னு ஒவ்வொரு பக்கத்துலயும் கீழ போட்டிருக்கேன்...”

“கீழ போட்டிருப்பீங்க. குனிய முடியாதவங்கதானே உங்ககிட்ட வர்றோம். அந்த வரிய எழுதுனீங்களா, இல்லையா?”

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். உதவி எங்கும் கிடைக்கவில்லை.

“எழுதினேன்.”

“எதைப் பாத்து எழுதுனீங்க? நான் அதைத்தான் ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். சும்மா அடிச்சு விட்டாரா, இல்ல ஏதாவது புத்தகத்துல இருக்கான்னு.”

“எனக்கு அப்படித்தாம்மா இருந்துச்சு,” என்றார். முதல் முறையாக அந்தக் குரலில் மெருகு இல்லை. “தொடை மரத்துக் கிடந்துச்சு. பயந்தேன். நாலஞ்சு நாள்ல தானா உணர்வு திரும்பிருச்சு. அதைத்தான் எழுதினேன். சத்தியமா நடந்ததுதான்.”

“எப்ப?” என்றார் சிஸ்டர்.

அவர் கையிலிருந்த பேனாவைத் திருகினார்.

“ஆபரேஷனுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடி.”

டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். எட்டு வாரத்தில் அவர் கூட்டத்தின் நடுவில் எழுந்ததை அன்றுதான் பார்த்தேன். நரம்பை நசுக்கியதை டாக்டர் எடுத்துவிட்ட பிறகு, விடுபட்ட நரம்பு மெல்ல உயிர் பெற்ற கதை அது. அதில் டாக்டரை மட்டும் உருவி எடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே எழுதியிருக்கிறார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதை நம்பித்தான் என் அக்கா நாலு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

“அப்புறம் ஏன் எடுத்தீங்க?” என்றாள் அக்கா.

“ஒருத்தங்க கேஸ் போடுவேன்னு எழுதினாங்க.”

“ஒருத்தங்க மட்டுமா?”

“...மூணு பேர்.”

“என்னைச் சேக்காம மூணு?”

“உங்களை இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

“எடுத்தப்ப, முன்னாடி தப்பா எழுதியிருந்தேன், படிச்சவங்க உடனே டாக்டரைப் பாருங்கன்னு ஒரு வரி போட்டீங்களா?”

“இல்ல.”

“தேதிய மட்டும் ரெண்டு வருஷம் பின்னால தள்ளிட்டீங்க.”

அவர் தலையைக் குனிந்தார். முதுகு அப்போதும் நேராகத்தான் இருந்தது. அது அவருடைய கையில் இல்லை.

சிஸ்டர் பேனாவை எடுத்தார். இரண்டாவது கேள்வி, ஏழாவது கேள்வி, அடித்துப் பூஜ்யம். மற்ற இருவரும் அதையே செய்தார்கள். ஆளுக்கு இன்னும் பத்துப் போனது. “சிஸ்டர் பதினேழு, டிரைவர் பதினாறு, நான் பதினெட்டு,” என்றார் டீச்சர். “சராசரி பதினேழு. தேதியில பொய் சொன்னா விதி ஒன்பது பொருந்தாது. மறு மதிப்பீடு கிடையாது.” பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, பாத்தீங்களா, பூஜ்யம் இல்லாமலே ஆச்சு,” என்றார். அந்த அம்மாள் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

எனக்கு ஆறவில்லை. பதினேழு என்பது ஒரு எண். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார், குளிப்பார், தூங்குவார். தளம் அப்படியே இருக்கும், பட்டியலில் இருக்காது, அவ்வளவுதான். நான் இரண்டடி முன்னால் போனேன். டிரைவர் என் முழங்கையைப் பிடித்தார். தோல் உரிகிற பிடி.

“அப்ப நான் கிளம்பறேன்,” என்றார் தளத்துக்காரர். பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். “அம்மா, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. என்னால என்ன முடியுமோ...”

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“பன்னெண்டரை. எனக்கு நேரம் ஆச்சு,” என்றாள். “சிஸ்டர், இங்க பாத்ரூம் இருக்கா? கீழ இருக்கறது ஒரே அசிங்கம்.”

சிஸ்டர் அறையின் மூலையில், அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கதவைக் காட்டினார்.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்தாள். கைத்தடி இல்லாமல், ஒரு கையால், பாதம் இழுபட இழுத்துக்கொண்டுபோய், அந்தக் கதவுக்கு நேர் எதிரே, இரண்டடி தள்ளிப் போட்டாள். யாரும் உதவிக்குப் போகவில்லை. போனால் கடித்திருப்பாள்.

“வந்து உக்காருங்க சார்.”

“எதுக்கும்மா?”

“வருத்தமா இருக்குன்னீங்களே. நான் உள்ள போயிட்டு வர்ற வரைக்கும் உக்காந்திருங்க. முதல்ல கை கழுவணும். அப்புறம் குழாய் போற இடம் தெரியறதுக்குக் கைக்கண்ணாடிய சரியா வெச்சுக்கணும். குழாயை வெளிய எடுக்கணும், எதுலயும் படாம. நல்ல நாள்னா இருபது நிமிஷம். கை நடுங்கினா அரை மணி. உங்க கையில வாட்ச் இருக்கு இல்ல, பாத்துக்குங்க. ஒரு நாளைக்கு அஞ்சு தடவை. நீங்க ஒரே ஒரு தடவை இருந்தா போதும்.”

“அம்மா, இது... எல்லாரும் இருக்காங்க.”

“எனக்கு எல்லாரும் இருக்கறது பழகிருச்சு. முதல் மாசம் வார்டுல சொல்லிக் குடுத்தப்ப ஆறு பேர் சுத்தி நின்னாங்க.”

“எனக்கு வேற ஒரு...”

“போறதுன்னா போங்க, யாரும் பிடிக்க மாட்டாங்க. நான் கதவைத் திறக்கும்போது நாற்காலி காலியா இருந்தா, உங்களுக்கு எழுதின அந்த மூணு பேரோட சேந்து நாலாவதா நான் கோர்ட்டுக்கு வருவேன். இருந்தா, நான் வந்து உங்க தளத்துல என்ன எழுதணும்னு சொல்லுவேன். முகப்புல, பெருசா. நீங்க இங்கயே, இவங்க முன்னாடியே போடணும். போட்டுட்டுப் போகலாம்.”

அவர் வாசலைப் பார்த்தார். டிரைவர் என் முழங்கையை விட்டுவிட்டு வாசற்கதவில் சாய்ந்துகொண்டார். அவருக்கு எங்காவது சாய வேண்டும், அவ்வளவுதான் என்பது போல.

தளத்துக்காரர் போய் உட்கார்ந்தார். மெதுவாக, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, முதுகு வளையாமல். அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான். நாங்கள் எல்லோரும் நின்றோம், டீச்சரும்.

“டேய், அந்தக் கட்டைவிரலை அழிச்சுத் தொலை. எட்டு மாசமா அதையே பாத்துக்கிட்டு இருக்க,” என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல்.

பையின் ஜிப்பைப் பாதி திறந்து உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தாள். விளக்கைப் போட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் முதல் தடவை சரியாக விழவில்லை. இரண்டாவது தடவை அழுத்தித் தள்ளிப் பூட்டினாள்.